ஒரு மணி நேரத் தாமதம்

பம்ப் அறையில் அவளுக்கு ‘நிமிஷம்’ என்று பேர். சொந்தப் பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற ஆபரேட்டர்கள் மோட்டாரைப் போட்டதும் பதிவேட்டில் ‘காலை 6’ என்று கிறுக்கிவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். இவள் ‘6.04’ என்று எழுதுவாள். தொட்டி நிறைந்து சிவப்பு விளக்கு எரிந்தால் ‘8.03’ என்று எழுதுவாள்.

“அந்த நாலு நிமிஷத்தை வச்சு என்ன வீடா கட்டப் போறீங்க?” என்று மதிய ஷிப்ட் ஆபரேட்டர் கேலி செய்வான்.

“எழுத இடம் இருக்கு, பேனாவுல மை இருக்கு. உனக்கு எங்கே வலிக்குது?” என்பாள்.

பதினான்கு வருஷத்துக்கு முன் அதே அறையைக் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குத்தான் வந்தாள். துடைப்பத்தோடு சுற்றிச் சுற்றி வந்ததில், எந்த மோட்டார் எந்தக் குரலில் பேசும் என்பது காதுக்குப் பழகிவிட்டது. ஒருநாள் இரண்டாவது மோட்டார் இருமுகிறது என்று போய்ச் சொன்னாள். ஆபரேட்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அரை மணியில் பேரிங் போய்ப் புகை வந்தது. அதற்கப்புறம் மோட்டாரைப் பற்றி எது கேட்டாலும் அவளைக் கேள் என்றாகி, இரண்டு வருஷத்தில் துடைப்பத்தை வைத்துவிட்டு ஸ்டார்ட்டரைப் பிடித்தாள். நீலச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து, கையில் பிசுக்குத் துணி என்று அவள் வால்வுச் சக்கரத்தைத் திருகுகிற அழகைப் பார்த்தால், பிறக்கும்போதே அதைப் பிடித்துக்கொண்டு பிறந்தவள் என்றுதான் தோன்றும்.

அந்த அறையிலிருந்து இரண்டு தொட்டிகளுக்குத் தண்ணீர் போனது. பள்ளத்தில் இருந்த சின்னத் தொட்டி ஒரு லட்சத்து இருபதாயிரம் லிட்டர் கொள்ளும். மேட்டில் இருந்த பெரிய தொட்டி மூன்று லட்சம். ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். காலை ஆறு மணிக்கு இரண்டும் காலியாக நிற்கும். வெளியே போகும் வால்வை மூடிவிட்டு இரண்டு மோட்டாரையும் போட்டால், சின்னது இரண்டு மணி நேரத்தில் நிறையும், பெரியது ஐந்து மணி நேரத்தில். வருஷக்கணக்காக இப்படித்தான்.

நாற்பத்து மூன்றாவது வயதில் அவளுக்கு ஒரு ஆசை வந்தது. மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியாவதாக அலுவலகத்தில் சுற்றறிக்கை ஒட்டினார்கள். நகரத்தின் பதினொரு தொட்டிகளையும் பார்த்துக்கொள்கிற வேலை. பத்து வருஷ அனுபவம் வேண்டும், அது இருந்தது. பள்ளி இறுதித் தேர்வில் எல்லாப் பாடத்திலும் தேறியிருக்க வேண்டும், அங்கேதான் இடித்தது. பதினாறு வயதில் கணக்கில் கோட்டைவிட்டவள் அவள். மறுபடி எழுதினாள், மறுபடியும் போயிற்று. ‘இந்தச் சகவாசமே வேண்டாம்’ என்று புத்தகத்தைப் பரணில் தூக்கிப் போட்டவள்தான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். கணவர் பஸ் டிரைவர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “எழுதிடு. போனா என்ன? ரெண்டு தடவை போனதுக்கே ஒண்ணும் ஆகலையே,” என்றார். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்த விதம் அவ்வளவுதான்.

மாடிப் பகுதியில் குடியிருந்த நாத்தனார் காதிலும் செய்தி விழுந்தது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி சரிபார்க்கிறவள். அவளும் அதே கணக்கில் அதே மாதிரி விழுந்தவள். இருவருக்கும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாது, இதில் ஒத்துப்போயிற்று.

“அண்ணி, நீங்க தனியா போய் பாஸ் பண்ணிட்டு வந்து என்னைப் பார்த்துச் சிரிக்கலாம்னு பார்க்கறீங்களா? நானும் வரேன்.”

“வாடி. யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறாங்கன்னு பார்க்கலாம்.”

பெரியவர்களுக்கான வகுப்பு ஒரு பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை நடந்தது. காலையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு. முழங்கால் மேஜையில் இடிக்கும். இருபது பேர் படித்தார்கள்; ஒரு முடிதிருத்துபவர், இரண்டு காவலாளிகள், பிரசவ வார்டு ஆயா ஒருத்தி. கணக்கு டீச்சருக்கு முப்பது வயதுதான் இருக்கும். வயதில் பெரியவர்களை அதட்டுவதில் அவளுக்குத் துளிக்கூடக் கூச்சம் கிடையாது.

முதல் மாதம் சமாளித்துவிட்டார்கள். இரண்டாவது மாதம் விகிதமுறு கோவைகள், அதாவது எண்ணோடு எழுத்தும் கலந்த பின்னங்கள், வந்தன. பெயரைக் கேட்டதுமே முடிதிருத்துபவர் தலையைச் சொறிந்தார். மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்றாள் டீச்சர். பகுதி ஒன்றாக இருந்தால் கழிப்பது சுலபம். அதையும் தாண்டி வந்தார்கள். அப்புறம் ஒருநாள், பகுதிகள் வேறு வேறாக இருக்கிற கணக்கைப் பலகையில் எழுதினாள்.

1/x − 1/(x + 2)

“இதைக் கழிங்க பார்ப்போம். நிமிஷம் அக்கா, நீங்க வாங்க.” பட்டப்பேரை நாத்தனார் வகுப்பு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருந்தாள்.

அவள் எழுந்து போய்ச் சாக்பீஸை வாங்கினாள். மேலே ஒன்றில் ஒன்று போனால் சைபர் வருகிறது. அது சரியாகப் படவில்லை. மேலே ஒன்றை அப்படியே விட்டுவிட்டுக் கீழே மட்டும் கழித்தாள். x-இல் x + 2 போனால் −2. ஆக 1/(−2) என்று எழுதி, கையைத் தட்டிவிட்டுத் திரும்பினாள்.

டீச்சர் பலகையைப் பார்த்தாள். பிறகு, “x-க்கு ஆறு போடுங்க,” என்றாள். “ஆறில் ஒண்ணு. அதுலேர்ந்து எட்டில் ஒண்ணு போகுது. மிச்சம் மைனஸ் அரைன்னு எழுதியிருக்கீங்க. நல்லா இருக்கா?”

வகுப்பு சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நாத்தனார்.

“ஊருக்கெல்லாம் தண்ணி விடுறவ நான். எனக்கே இந்தக் கணக்கு தண்ணி காட்டுதே,” என்று முணுமுணுத்தாள் அவள். ஆனால் உட்காரப் போகவில்லை. ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று என்று டீச்சர் சொன்ன மாத்திரத்தில் அவள் கண்முன் தொட்டி வந்து நின்றுவிட்டது.

“டீச்சர், ஒரு நிமிஷம். ஆறு மணி நேரத்துல நிறையுற தொட்டின்னு வச்சுக்குவோம். ஒரு மணி நேரத்துல ஆறில் ஒரு பங்கு நிறையும். இன்னொரு மோட்டார் எட்டு மணி நேரம் எடுத்துக்கும். அது ஒரு மணி நேரத்துல எட்டில் ஒரு பங்கு நிரப்பும். முதல் மோட்டார் எவ்வளவு கூட நிரப்புதுன்னு கேட்கறீங்க. அப்படித்தானே?”

“அப்படியேதான்.”

“அப்ப மைனஸ் எப்படி வரும்? வேகமா ஓடுற மோட்டார்லேர்ந்து மெதுவா ஓடுறதைத்தானே கழிக்கிறோம்?”

“நீங்களே கேட்டு நீங்களே பதிலும் சொல்லிட்டீங்க. இப்ப கழிங்க.”

அவள் யோசித்தாள். ஆறு பங்கு போட்டதில் ஒரு துண்டு, எட்டுப் பங்கு போட்டதில் ஒரு துண்டு; துண்டே வேறு வேறு அளவு. தொட்டியை இருபத்து நாலு கோடு போட்டுப் பிரித்தால் முதல் மோட்டார் நாலு கோடு, இரண்டாவது மூன்று கோடு. மிச்சம் ஒரு கோடு. இருபத்து நாலில் ஒன்று. எண் இருந்தால் வந்துவிடுகிறது. x இருந்தால்? எத்தனை கோடு போடுவது என்று தெரியாவிட்டால் இரண்டு பகுதியையும் பெருக்கிவிட வேண்டியதுதான். பலகையில் மெதுவாக எழுதினாள். கீழே x(x + 2). மேலே முதலாவதற்கு x + 2, இரண்டாவதற்கு x. கழித்தால் x போய்விட்டது, 2 நின்றது. விடை 2/x(x + 2). ஆறு போட்டுப் பார்த்தாள்: நாற்பத்து எட்டில் இரண்டு, அதாவது இருபத்து நாலில் ஒன்று. சாக்பீஸை டீச்சர் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தபோது அவள் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

“சிரிச்சு முடிச்சிட்டியா?” என்று நாத்தனாரைக் கேட்டாள்.

நாத்தனாருக்கும் அடுத்த வாரமே முறை வந்தது. x/(x − 3)-இலிருந்து (x − 1)/(x + 2)-ஐக் கழிக்கச் சொன்னாள் டீச்சர். நாத்தனார் பகுதிகளைச் சரியாகப் பெருக்கினாள். ஆனால் இரண்டாவது தொகுதியைப் பெருக்கி x² − 4x + 3 என்று எழுதும்போது அடைப்புக்குறியை விட்டுவிட்டாள். கழித்ததும் மேலே −2x + 3 என்று வந்தது. வர வேண்டியது 6x − 3. டீச்சர் சிவப்புச் சாக்பீஸால் அடைப்புக்குறி போட்டுக் காட்டியதும் நாத்தனார் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“அடப்பாவமே! அறைக்குள்ள மூணு பேர் இருக்காங்க. மைனஸ் வாசல்ல நின்னு மூணு பேர் குறியையும் மாத்தி விடணும். நான் முதல் ஆளை மட்டும் மாத்திட்டு மத்த ரெண்டு பேரையும் அப்படியே விட்டுட்டேன்!”

அந்த வகுப்பில் அதற்கப்புறம் யாரும் அடைப்புக்குறியை மறக்கவில்லை.

அதே சமயத்தில் பம்ப் அறையில் ஒரு தலைவலி ஆரம்பித்தது. வெயில் காலம். பள்ளத்துத் தெருக்களில் காலை பத்திலிருந்து இரண்டு வரை வர வேண்டிய தண்ணீர் பன்னிரண்டோடு நின்றுபோனது. அங்கே இருந்தவர்கள் குடத்தோடு அலுவலகத்துக்கு வந்து சத்தம் போட்டார்கள். ‘தண்ணீரை வீணாக்குகிறீர்கள், தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறீர்கள்’ என்று அலுவலகம் அவர்களுக்கே நோட்டீஸ் அனுப்பியது. ஜன்னலில் ஒரு பூந்தொட்டி வைக்க இடமில்லாத தெருக்கள் அவை. நோட்டீஸைப் படித்துவிட்டு அழுவதா சிரிப்பதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

மேட்டுப் பக்கமும் முனகல் கேட்டது. பார்த்தால், சின்னத் தொட்டி நிறைய இரண்டு மணிக்குப் பதில் மூன்று மணி நேரம் ஆனது. பெரிய தொட்டி ஐந்துக்குப் பதில் ஆறு. இரண்டும் சரியாக ஒரு மணி நேரம் தாமதம். எலெக்ட்ரீஷியன் வந்து மோட்டார்களைப் பார்த்தார், குறை இல்லை. குழாயில் அழுத்தமும் வழக்கம்போல் இருந்தது. அப்படியானால் தொட்டிகளில்தான் கசிவு.

என்ஜினியர் கூட்டம் போட்டார். நல்ல மனுஷர், வேலைக்கு அஞ்சாதவர். ஆனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அவரை அசைக்க முடியாது. பழுது பார்க்க ஒரே ஒரு குழுதான் இருந்தது. ஒரு தொட்டியை முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொட முடியும்.

“ரெண்டும் ஒரு மணி நேரம் லேட்டு. ஒரே அளவு வியாதி,” என்றார் அவர். “பெரிய தொட்டியில தண்ணி அதிகம், நஷ்டமும் அதிகம். அதை முதல்ல காலி பண்ணிட்டு உள்ளே முழுக்கச் சிமென்ட் பூசிடுவோம். ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் மேட்டுப் பக்கத்துக்கு லாரியில தண்ணி அனுப்பலாம். சின்னதை அப்புறம் பார்த்துக்கலாம்.”

மேஜையின் தலைப்பக்கத்தில் பெரிய அதிகாரி உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரை ‘மேடம்’ என்பார்கள். அவர் தலையாட்டிவிட்டுக் கோப்பில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

ஆபரேட்டர்கள் சுவரோரமாக நிற்பது வழக்கம். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் நிற்க வேண்டும். நிமிஷம் ஒரு அடி முன்னால் வந்தாள்.

“மேடம், கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. ஒரு மணி நேரம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஆனா கசிவு ஒண்ணு இல்லை.”

என்ஜினியர் திரும்பிப் பார்த்தார். “என்னம்மா சொல்றீங்க?”

“ரெண்டு மணி நேர வேலை மூணு மணி நேரம் ஆகறதும், அஞ்சு மணி நேர வேலை ஆறு மணி நேரம் ஆகறதும் எப்படி சார் ஒண்ணாகும்?”

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. மேடம் பேனாவை மூடிவிட்டு அதைக் கைகாட்டினார். அவள் போய் எழுதினாள்.

“தொட்டி நல்லா இருந்தப்ப x மணி நேரத்துல நிறைஞ்சது. அப்ப ஒரு மணி நேரத்துல நிறையறது x-இல் ஒரு பங்கு. இப்ப x கூட்டல் ஒண்ணு மணி நேரம் ஆகுது. ஒரு மணி நேரத்துல நிறையறது x கூட்டல் ஒண்ணுல ஒரு பங்கு. முன்னாடி நிறைஞ்சதுலேர்ந்து இப்ப நிறையறதைக் கழிச்சா, நடுவுல காணாம போறது எவ்வளவுன்னு தெரிஞ்சிடும்.”

1/x − 1/(x + 1)

“இது என்னம்மா, எக்ஸ் வொய்னுட்டு. நேரா நம்பரைப் போடுங்களேன்,” என்றார் என்ஜினியர்.

“நம்ம கையில பதினொரு தொட்டி இருக்கு சார். ஒவ்வொண்ணுக்கும் உட்கார்ந்து கழிச்சுக்கிட்டு இருக்கறதைவிட ஒரே தடவை கழிச்சு வச்சுட்டா எல்லாத்துக்கும் ஆகும்ல?”

மேடத்தின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

அவள் பகுதிகளைப் பெருக்கினாள். மேலே (x + 1) − x என்று அடைப்புக்குறி போட்டு எழுதினாள். அது ஒன்றாகிப் போனது. விடை 1/x(x + 1).

“இப்ப நம்பர் போடறேன் சார். சின்னத் தொட்டிக்கு x ரெண்டு. ரெண்டு மூணா ஆறு. மணிக்கு ஆறில் ஒரு பங்கு தொட்டி ஒழுகுது. பெரிய தொட்டிக்கு x அஞ்சு. அஞ்சாறு முப்பது. மணிக்கு முப்பதில் ஒரு பங்குதான்.”

என்ஜினியர் விடவில்லை. விட்டிருந்தால் அவர் நல்ல என்ஜினியரே இல்லை.

“பங்கு கம்மிதான். ஆனா தொட்டி பெருசாச்சே! பெரிய தொட்டியில முப்பதில் ஒரு பங்குன்னாலும் தண்ணி நிறையத்தானே?”

“மூணு லட்சத்துல முப்பதில் ஒரு பங்கு பத்தாயிரம் லிட்டர். ஒண்ணேகால் லட்சம்கூட இல்லாத சின்னதுல ஆறில் ஒரு பங்கு இருபதாயிரம் லிட்டர். சின்னதுதான் சார் ரெண்டு மடங்கு ஒழுகுது.” அவள் பதிவேட்டைத் திறந்து மேஜையில் வைத்தாள். “இன்னொண்ணும் பாருங்க. பெரிய தொட்டியில இந்த ஒரு மணி நேரம் எட்டு மாசமா சேர்ந்திருக்கு. ஒரு மாசம் அஞ்சு நிமிஷம், ஒரு மாசம் பத்து நிமிஷம்னு மெல்ல மெல்ல வந்த விரிசல். சின்னத் தொட்டியில மொத்த ஒரு மணி நேரமும் ஒரே வாரத்துல வந்திருக்கு. போன மாசம் தொட்டியைக் கழுவினோமே, அந்த வாரம்.”

மேடம் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு பக்கம் விடாமல் புரட்டினார். பிறகு, “கணக்கு சரியா இருக்குன்னே வச்சுக்குவோம். பலகையில ஒழுகறது இருக்கட்டும், தொட்டியில ஒழுகறதை எனக்குக் காட்ட முடியுமா?” என்று கேட்டார்.

“முடியும் மேடம். சின்னத் தொட்டி மூணு மீட்டர் ஆழம். நாளைக்கு நிறைஞ்சதும் மோட்டாரை நிறுத்திட்டு, வெளியே போற வால்வையும் மூடியே வச்சிருப்போம். ஒரு மணி நேரத்துல ஆறில் ஒரு பங்கு, அதாவது அரை மீட்டர் இறங்கணும். பெரியது நாலரை மீட்டர். அது பதினைஞ்சு சென்டிமீட்டர் இறங்கணும். இறங்கலைன்னா சார் சொன்னபடி செஞ்சிடலாம்.”

வெளியே வந்ததும் மதிய ஷிப்ட் ஆபரேட்டர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். “அக்கா, அரை மீட்டர்னு வாயை விட்டுட்டீங்களே! இறங்கலைன்னா?”

“ஏன் இறங்காது? தண்ணிக்கு என்னைப் பழிவாங்கணும்னு ஆசையா?” என்றாள். அவளுக்குப் பயம் இல்லை, ஆனாலும் ஒரு தடவை சரிபார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. வீட்டுக்கு வந்தவள் மாடிக்குப் போய் நாத்தனாரிடம் கணக்கை எழுதிய காகிதத்தை நீட்டி, “எங்கேயாவது குறி மாறியிருக்கான்னு பாரு,” என்றாள். துணியில் ஒரு நூல் பிசகினாலும் பிடித்துவிடுகிறவள் அந்த நாத்தனார். இரண்டு தடவை பார்த்துவிட்டு, “சுத்தமா இருக்கு அண்ணி,” என்றாள். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே அபூர்வம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சின்னத் தொட்டியின் விளக்கு எரிந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு எல்லோரும் தொட்டிக்குப் போனார்கள். இரும்பு ஏணியில் முதலில் அவள் ஏறினாள். அளவு நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு என்ஜினியரும் பின்னாலேயே ஏறினார். மேல்மூடியைத் திறந்து நாடாவை விட்டு, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று குறித்தார்கள். பிறகு அங்கேயே உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. கீழே மேடம் காரின் நிழலில் நின்று யாருடனோ போனில் பேசினார். கால் மணி ஆனதுமே என்ஜினியர் மூடிக்குள் எட்டிப் பார்த்தார். உள்சுவரில் ஈரக் கோடு ஒன்று தண்ணீருக்கு மேலே தனியாகத் தெரிந்தது. அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பத்து மணிக்கு மறுபடி நாடாவை இறக்கினார்கள். ஐம்பத்து நாலு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

“நாலு சென்டிமீட்டர் அதிகமா இருக்கே,” என்றார் என்ஜினியர். குறை சொல்கிற தொனி இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“தொட்டி முழுசா நிக்கும்போது அடியில அழுத்தம் அதிகம் சார், வேகமா ஒழுகும். நிறையும்போது தண்ணி கீழேயிருந்துதானே மேல வருது? அப்ப கசிவு கொஞ்சம் கம்மி. நம்ம கணக்கு ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சராசரி.”

அவர் அவளையே பார்த்தார். “இதை நான் சொல்லியிருக்கணும்,” என்றார்.

பன்னிரண்டு மணிக்கு நிறைந்த பெரிய தொட்டியையும் அதே மாதிரி அளந்தார்கள். மதியம் ஒரு மணிக்குப் பதினாறு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

சின்னத் தொட்டியில் தேட அதிக நேரம் ஆகவில்லை. கழுவிய அழுக்குத் தண்ணீரை வெளியேற்ற அடியில் ஒரு வால்வு உண்டு. அதிலிருந்து போகும் குழாய் மண்ணுக்கடியில் ஓடி, மூடிய சாக்கடையில் போய்ச் சேரும். அதனால்தான் வெளியே ஒரு சொட்டு ஈரம்கூடத் தெரியவில்லை. குழுவினர் தொட்டியைக் காலி செய்து வால்வைக் கழற்றினார்கள். கழுவும்போது அடித்து வந்த ஒரு ஜல்லிக்கல் வாயில் சிக்கி, ரப்பர் வளையத்தைக் கிழித்து வைத்திருந்தது. சக்கரத்தைத் திருகியவர்களுக்கு மூடிவிட்ட மாதிரியே இருந்திருக்கிறது. புது வளையம் போட்டு மாட்டி முடிக்க மாலை நாலு மணி ஆயிற்று. அடுத்த நாள் சின்னத் தொட்டி எட்டு மணி இரண்டு நிமிஷத்துக்கு நிறைந்தது. பத்து மணிக்கு வால்வைத் திறந்தார்கள். பள்ளத்துத் தெருக்களில் இரண்டு மணி வரை தண்ணீர் ஓடியது. நோட்டீஸைத் திரும்பப் பெறுகிற கடிதத்தை மேடம் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் பெரிய தொட்டியின் விரிசலைத் தேடி, அந்த ஓரத்தை மட்டும் பூசினார்கள். ஐந்து நாளில் முடிந்தது. தினமும் தொட்டி காலியாக நிற்கிற நேரத்தில் மட்டும் வேலை நடந்ததால் லாரி தேவைப்படவில்லை.

தேர்வு அடுத்த மாதம் வந்தது. வினாத்தாளில் ஏழாவது கேள்வி பகுதிகள் வேறுபட்ட இரண்டு கோவைகளைக் கழிக்கச் சொன்னது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வழியில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. முதல் வேலையாக அதைப் போட்டாள். அடைப்புக்குறியை நாத்தனாரை நினைத்துக்கொண்டு அழுத்திப் போட்டாள். வட்டத்தைப் பற்றிய கேள்வி ஒன்று அவளைக் கொஞ்சம் ஆட்டி வைத்தது. அதில் பாதிதான் வந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டு மீதியைப் பார்த்தாள்.

முடிவு வந்த அன்று கணவர் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்தார். அவளுக்கு எழுபத்து ஒன்று. நாத்தனாருக்கு எழுபத்து மூன்று.

“அண்ணி,” என்று மாடிப்படியில் நின்றபடி குரல் கொடுத்தாள் நாத்தனார், “எழுபத்து மூணுலேர்ந்து எழுபத்து ஒண்ணு போனா எவ்வளவுன்னு கழிச்சுப் பார்த்தீங்களா? இதுக்குப் பகுதிகூடத் தேவையில்லை!”

“இறங்கி வா, சொல்றேன்!”

“அடேயப்பா, வீட்டுல ரெண்டு கணக்குப் புலி,” என்றார் கணவர். “இனிமே நான் கடையில பாக்கிச் சில்லறையை எண்ணிப் பார்க்கவே வேண்டாம்.” அன்று மூன்று பேரும் வெளியே போய்ச் சாப்பிட்டார்கள். இரண்டு மார்க்கைப் பற்றி நாத்தனார் வழி நெடுக ஆறு தடவை பேசினாள்.

மேற்பார்வையாளர் பணிக்கு நேர்காணல் நடந்தபோது மூன்று பேர் வந்திருந்தார்கள். கேள்வி கேட்ட குழுவில் என்ஜினியரும் இருந்தார். அவளிடம் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “தாமதம் ஒரு மணி நேரமா இல்லாம, தொட்டிக்குத் தொட்டி வேற வேறயா இருந்தா?”

“அந்த ஒண்ணு இருந்த இடத்துல தாமதத்தை d-ன்னு வச்சுக்கணும் சார். கழிச்சா மேலே d நிக்கும், கீழே x பெருக்கல், அடைப்புக்குறிக்குள்ள x கூட்டல் d நிக்கும். எழுதிக் காட்டவா?”

“வேண்டாம். நானும் வீட்டுல போட்டுப் பார்த்தேன்,” என்றார் அவர்.

ஆணை வர மூன்று மாதம் இழுத்தது. அலுவலகம் என்றால் அப்படித்தான். வந்த பிறகு அவளுக்கு ஒரு மேஜை, ஒரு சைக்கிள், பதினொரு தொட்டிகளின் சாவி. முதல் வாரமே எல்லாத் தொட்டிகளையும் ஏறிப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு பம்ப் அறையின் சுவரிலும் ஒரு தாள் ஒட்டினாள். அந்தத் தொட்டி நல்ல நிலையில் நிறைய எவ்வளவு நேரம், எத்தனை நிமிஷம் தாமதமானால் மணிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். தொட்டியைக் கழுவிய மறுநாள் ஒரு மணி நேரம் எல்லா வால்வையும் மூடி மட்டத்தை அளந்தாக வேண்டும் என்று ஒரு விதியும் போட்டாள். சில ஆபரேட்டர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டாவது மாதமே ஏழாம் எண் தொட்டியில் அதே மாதிரி ஒரு கல் அகப்பட்டது. முணுமுணுப்பு அதோடு நின்றுபோனது.